எடைக் கொட்டகையில் ஒரு நீச்சல் குளம்

நாற்பத்து மூன்று வயது வரைக்கும் பாலாமணி முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதே இல்லை. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் வரும் காலனியில் அவள் வீடு. அங்கே குளியல் என்றால் வெந்நீர் போட்டு, பக்கெட்டில் விளாவி, கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கிக் கொண்டே நாலு சொம்பு ஊற்றிக்கொள்வதுதான். ஓடைகள் உண்டு. ஆனால் ஓடையில் அட்டை இருக்கும். அதில் யாரும் விளையாட்டுக்கு இறங்குவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் இலை பறிக்கும்போது மழையில் வழுக்கி நாலு வரிசைக்குக் கீழே போய் விழுந்தாள். இடது இடுப்பு முறிந்தது. கோயமுத்தூரில் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தக் காலில் பாரம் போட்டால் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு கம்பியை இழுத்த மாதிரி வலித்தது. ஊன்றுகோல் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. பறிக்கப் போகவே முடியாது. வீட்டில் தையல் மெஷினைப் போட்டு, பறிக்கிறவர்களுக்கு இலைப் பைகளும், மழைக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் தார்ப்பாய்களும் தைத்து வந்தாள்.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற ஷிஜோ கூடலூர்ப் பக்கம் நாடுகாணிக்காரன். தமிழ் நன்றாகப் பேசுவான், நடுநடுவே மலையாளம் வந்து விழும். ஒருநாள் அவள் காலை மடக்கி நீட்டிக்கொண்டே சொன்னான்:

"சேச்சி, நீங்க தண்ணியில நடக்கணும். இடுப்பளவு தண்ணியில நின்னா உடம்பு வெயிட்டு பாதிதான் கால்ல விழும். வலிக்காம நடந்து பழகிட்டா தசைக்கு பலம் வரும். கோயமுத்தூர்ல அதுக்குன்னே குளம் வெச்சிருக்காங்க."

"மீதிப் பாதி வெயிட்டு எங்கீங்க போகுது?"

ஷிஜோ கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "இத்தனை வருஷத்துல யாரும் என்னைக் கேக்காத கேள்வி சேச்சி இது. தண்ணி சுமக்கும்."

"தண்ணி எப்படிங்க சுமக்கும்? அதுவே வழிஞ்சு ஓடற சாமான்."

அவன் தன்னால் ஆனமட்டும் சொன்னான். அவளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாத பாதிதான் வீடு வரைக்கும் கூட வந்தது.

மறுநாள் இலை எடை போடுகிற வில் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். மூன்று கிலோ. அதை அப்படியே பக்கெட் தண்ணீருக்குள் இறக்கினாள். முள் பூஜ்யத்தை நோக்கி நகர்ந்தது. இரண்டு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. வெளியே எடுத்தாள், மூன்று. உள்ளே விட்டாள், இரண்டுக்குக் கீழே. சமையலறையிலிருந்த பூசணிக்காயைக் கட்டி இறக்கினாள். முள் பூஜ்யத்தில் போய் நின்றது.

சாயங்காலம் புருஷன் பரமசிவன் வந்தபோது தரையெல்லாம் ஈரம். பரமசிவன் தேயிலை ஃபாக்டரியில் இலை உலர்த்துகிற டிரையருக்கு நெருப்புப் போடுகிற ஆள். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர்.

"என்ன அம்மிணி இது, பூசணிக்காயத் தூக்குல போட்டு வெச்சிருக்க?"

"ஏனுங்க, நான் தண்ணியில இறங்குனா கல்லு மாதிரி இருப்பனா, பூசணிக்கா மாதிரி இருப்பனா?"

பரமசிவன் தராசை வாங்கி, தானும் ஒருமுறை கல்லை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் கால் கழுவப் போனார்.

கோயமுத்தூர்க் குளத்துக்கு வாரம் இரண்டு தடவை போகவேண்டும் என்றான் ஷிஜோ. ஒரே தடவை போனார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் இடுப்பு முறுக்கிக்கொண்டது. பர்லியார் தாண்டுவதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் மேலேயே ஏறிவிட்டார்கள். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

ஆகஸ்ட் மாதம் பாலாமணி குன்னூருக்குப் போனாள். அங்கே முகமது யூசுப் என்பவரின் பழைய சாமான் கடையில் கிழிந்த தார்ப்பாயும் ஃபிளெக்ஸ் பேனரும் மலிவாகக் கிடைக்கும். கடையின் பின்பக்கம் நீல நிறத்தில் ஒரு பெரிய சுருட்டல் கிடந்தது. பக்கத்தில் துருப்பிடித்த வெள்ளைக் குழாய்கள் கட்டாகக் கட்டிக் கிடந்தன.

"அது என்னங்க பாய்?"

"டென்ட்டு அக்கா. டூரிஸ்ட்டுங்க வர்ற காட்டேஜ் ஒண்ணு மூடிட்டாங்க. கட்டில் மெத்தையோட சேத்து எடுத்தேன். எப்படி நிறுத்தறதுன்னுதான் தெரியல. மேல கூரையே இல்ல."

பாலாமணி குனிய முடியாமல் ஊன்றுகோலால் ஒரு மடிப்பைத் தூக்கினாள். பிறகு விரலால் தடவினாள். ஒரே துணி இல்லை. இரண்டு பிளாஸ்டிக் படலத்துக்கு நடுவே வலை வைத்து ஒட்டியிருந்தது. டென்ட்டுக்கு இவ்வளவு கனம் எதற்கு? இன்னொரு மடிப்பைப் பிரித்தாள். துணியில் ஒரு படம் அச்சடித்திருந்தது. ஒருவன் தலைகீழாகக் குதிக்கிறான். அவன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு.

"பாய், டென்ட்டுக்குள்ள யாருங்க தலைகீழாக் குதிப்பாங்க?"

யூசுப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து விளிம்பைப் பிடித்துப் பிரித்தார்கள். வட்டமாக வந்தது. பன்னிரண்டு அடி அகலம். பக்கச் சுவர் மூன்றரை அடி உயரம். சுவரில் கை நுழையும் அளவுக்கு இரண்டு துளைகள், ஒன்று மேலே, ஒன்று கீழே.

"நீச்சல் குளம்!" என்றார் யூசுப். "தரையத் தோண்டாம மேலயே நிறுத்தற குளம். அட, இதோட ஒரு மோட்டார் வந்துச்சே, போன வாரந்தான் ஒருத்தருக்குக் குடுத்தேன்."

பாலாமணி அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இடுப்பளவு தண்ணீர். பஸ் ஏறாமல்.

"குழாய்க்கு மட்டும் பழைய இரும்பு விலை குடுங்கக்கா. துணிக்கு ஒண்ணும் வேணாம். ஆனா நிறுத்திட்டு ஒரு போட்டோ அனுப்பணும். இது எப்படித்தான் நிக்குதுன்னு நானும் பாக்கணும்."

அந்த மாதம் தைத்த பைகளின் காசு குழாய்க்கும் ஆட்டோவுக்கும் சரியாகப் போயிற்று.

ஆட்டோவிலிருந்து இறங்கிய சுருட்டலைப் பரமசிவன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அளவு கேட்டார். காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். நிமிர்ந்தார்.

"மூணடி தண்ணி விட்டாலே பத்தாயிரம் லிட்டர் கிட்ட வரும். பத்து டன்னு. நம்ம ஊடு நிக்கறது வெட்டிப் போட்ட மண்ணு மேல. இதுக்கு மேல பத்து டன்ன வெச்சம்னா, ஒரு மழைக்கு நீ, நான், கொளம் எல்லாம் கீழ் ஊட்டுச் சமையல்கட்டுல போய் உக்காந்திருப்போம்."

அவர் சொன்னது சரி. சுருட்டல் இரண்டு வாரம் வாசலிலேயே கிடந்தது. அந்த இரண்டு வாரமும் அவள் ஊரைப் புதிதாகப் பார்த்தாள். பன்னிரண்டு அடிக்குச் சமதளம், அதுவும் உறுதியாக, எங்கே இருக்கிறது? மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, தன் ஊரில் ஒரு குடம் உருளாமல் நிற்கிற இடமே அபூர்வம் என்று. கோயில் வாசல் உண்டு. ரேஷன் கடை முற்றம் உண்டு. இரண்டும் ஆகாது.

அவள் வீட்டிலிருந்து நூறடியில் போஜன் என்ற படுகர் ஒருவரின் தேயிலைத் தோட்டம். அதன் முனையில் ஒரு கொட்டகை. முன்பெல்லாம் சிறு விவசாயிகள் இலையை அங்கே கொண்டுவந்து எடை போடுவார்கள். இப்போது ஃபாக்டரி வண்டியே தோட்டம் தோட்டமாக வந்து எடுத்துக்கொள்வதால் கொட்டகை சும்மா கிடந்தது. பாறை மேல் போட்ட கான்கிரீட் தரை, மேலே தகரக் கூரை.

பாலாமணி நேராகப் போய்க் கேட்டாள். போஜன் முதலில் தனக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"நீச்சலா? இந்தக் குளிர்லயா?"

"நீச்சல் இல்லீங்க. நடக்கறதுக்கு."

"நடக்க ரோடு இருக்கே!"

அவள் கல்லையும் பூசணிக்காயையும் பற்றிச் சொன்னாள். உள்ளே வேலையாக இருந்த போஜனின் மனைவி மாதி, ஈரக் கையோடு வாசலுக்கு வந்து நின்று கேட்டாள். மாதிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தது. ஏறி இறங்கும் ஊரில் அவள் ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் போடுவாள்.

"அந்தத் தண்ணி எனக்கும் வெயிட்டக் குறைக்குமா?" என்று மாதி கேட்டாள்.

"உங்களுக்கும்தான் அக்கா."

மாதி புருஷனைப் பார்த்தாள். போஜன் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வேலை செப்டம்பரில் தொடங்கியது. துணியைக் கழுவவே மூன்று நாள் ஆயிற்று. மடிப்புக்குள் பூசணம், எலிப் புழுக்கை, காய்ந்துபோன ஒரு தவளை. குழாய்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சிவப்பு பெயிண்ட் அடித்தார் பரமசிவன். கால்களை எண்ணிப் பார்த்தால் பதினொன்றுதான். வட்டத்தில் பன்னிரண்டு இருக்கவேண்டும். பன்னிரண்டாவதைக் கோத்தகிரியில் ஒரு வெல்டிங் பட்டறையில் புதிதாகச் செய்து வாங்கினார்கள்.

துணியில் எத்தனை ஓட்டை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பரமசிவன் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்றார். பாலாமணி வேறு ஒன்று யோசித்தாள். நல்ல வெயில் அடித்த ஒரு மதியம் இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, துணியை அதன் மேல் போட்டு, தான் உள்ளே புகுந்து விளிம்பை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே நீல இருட்டு. கண் பழகியதும் அந்த இருட்டில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது.

"இங்க ஒண்ணு" என்று உள்ளிருந்து விரலால் குத்துவாள். வெளியே பரமசிவன் சாக்பீஸால் வட்டம் போடுவார். "இங்க. இங்க. இதுக்குக் கீழ ரெண்டு." முப்பத்தொன்பது ஓட்டை. எலி கடித்த ஒன்று மட்டும் உள்ளங்கை அகலம். அவள் வெளியே வந்தபோது முகம் வேர்த்திருந்தது. உள்ளே ஒரு மணி நேரம் ஊன்றுகோல் இல்லாமல் துணியைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறாள். அது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. அன்று சாயங்காலம் வலியில் படுத்துவிட்டாள்.

ஒட்டுவதற்கு எந்தப் பசை? அவளிடம் மூன்று வகை இருந்தது. சைக்கிள் டியூப் பஞ்சருக்குப் போடுவது, பிளம்பர் குழாய்க்குப் போடுவது, ஜீப் சீட்டுக்கு ரெக்சின் ஒட்டுவது. துணியின் ஓரத்தில் வெட்டிய துண்டுகளில் மூன்றையும் தடவி, ஒட்டுப்போட்டு, பக்கெட் தண்ணீரில் ஊறவைத்தாள். இரண்டாம் நாளே பஞ்சர் பசை கழன்று மிதந்தது. குழாய்ப் பசை காய்ந்து, மடித்தால் கீறல் விட்டது. ரெக்சின் பசை ஒரு வாரம் தாங்கியது. ஆனால் சதுரமாக வெட்டிய ஒட்டில் மூலைகள் தூக்கிக்கொண்டன. வட்டமாக வெட்டியது அப்படியே இருந்தது. மூலை இருந்தால்தானே தண்ணீர் நகத்தை நுழைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முப்பத்தொன்பது ஓட்டைக்கும் இரண்டு பக்கமும் வட்டமாக ஒட்டினாள்.

கான்கிரீட் தரை குத்தாமலிருக்க அடியில் பழைய ஃபிளெக்ஸ் பேனர்களை நாலு மடிப்பாக விரித்தார்கள். மேல் மடிப்பில் யாரோ ஒரு கல்யாண ஜோடி மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. பரமசிவன் அவர்களைத் திருப்பிப் போட்டுவிட்டார். "பாவம், மேல பத்து டன்னு வரப்போகுது" என்றார்.

சுவரின் இரண்டு துளைகளையும் அடைப்பு வைத்து இறுக்கியதும் குளம் நின்றது. போட்டோ யூசுப்புக்குப் போயிற்று. "மாஷா அல்லாஹ், மேல கூரையும் வந்திருச்சே" என்று பதில் வந்தது.

தண்ணீருக்குக் காலனிக் குழாயைத் தொடவில்லை. அங்கே இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வரும். கொட்டகைத் தகரத்தின் ஓரத்தில் குழாயைப் பாதியாகப் பிளந்து பொருத்தி, முனையில் துணி கட்டி, மழைக்குக் காத்திருந்தார்கள். ஐப்பசி மழை அந்த வருடம் நன்றாகவே பிடித்தது. பதினோரு நாளில் மூன்றடி ஏறியது. பஞ்சாயத்துத் தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஆளைக் கூப்பிட்டு, எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடவேண்டும் என்று கேட்டு, அவர் தன் சோதனைக் குப்பியை வைத்துப் பார்த்துச் சொன்ன அளவிலேயே போட்டார்கள்.

மழை விட்ட மறுநாளிலிருந்து தண்ணீர் குறைந்தது. தினம் ஒன்றரை அங்குலம்.

"எல்லா ஒட்டையும் உரிச்சிட்டு மறுபடி போடணுமாட்ட இருக்குது" என்றார் பரமசிவன்.

"இருங்க. எதையும் தொடாதீங்க. எங்க போய் நிக்குதுன்னு பாக்கலாம்."

உள்பக்கம் ஒட்டியிருந்த தையல் டேப்பைத் தினம் காலையில் போய்ப் பார்த்தாள். ஆறு நாள் இறங்கியது. ஒன்பது அங்குலம் இறங்கியதும் நின்றது. ஏழாம் நாளும் அதே கோடு. எட்டாம் நாளும் அதே கோடு.

"ஓட்டை இந்த மட்டத்துலதானுங்க. இதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. இருந்தா இன்னும் இறங்கியிருக்குமில்ல?"

அந்தக் கோட்டுக்கு மேல் இரண்டு அங்குலம் தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி நின்றாள். பரமசிவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சுவரோரமாக ஒரு சொட்டு விட்டாள். அது அப்படியே பூ மாதிரி விரிந்து கலைந்தது. ஸ்டூலை நகர்த்தி அடுத்த இடம். அதுவும் விரிந்தது. வட்டத்தில் முக்கால்வாசி சுற்றிய பிறகு ஒரு சொட்டு மட்டும் விரியவில்லை. நூல் மாதிரி நீண்டு, சுவரை நோக்கி ஓடி, மறைந்துபோனது.

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இன்னொரு சொட்டு. அதுவும் நூலாகி ஓடியது.

வெளியே அந்த இடத்தில் நின்றது புதிதாகச் செய்த பன்னிரண்டாவது கால். வெல்டிங் பிசிறு ஒன்று துணியை உரசிக் கடுகளவு ஓட்டை போட்டிருந்தது.

பரமசிவன் சிரித்துவிட்டார். "முப்பத்தொம்பது ஒட்டையும் சந்தேகப்பட்டம். அதெல்லாம் ஒழுங்கா இருக்குது." பிசிறை அரம் போட்டுத் தேய்த்து, காலுக்கு சைக்கிள் டியூப் சுற்றினார். அவள் வட்டமாக ஒரு ஒட்டுப் போட்டாள். அடுத்த மழைக்குத் தண்ணீர் மறுபடி மூன்றடிக்கு ஏறி, அங்கேயே நின்றது.

இனி இறங்கவேண்டியதுதான் என்று பாலாமணி ஷிஜோவுக்கு போன் செய்தாள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு திடீரென்று கேட்டான், "சேச்சி, தண்ணி சூடு எத்ரயா? எவ்வளவு இருக்கு?"

பரமசிவன் ஃபாக்டரியில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். பதினான்கு டிகிரி.

"அய்யோ, எறங்காதீங்க! அந்தக் குளிர்ல தசை எல்லாம் இறுகிப் போகும். குறைஞ்சது முப்பத்திரண்டு வேணும்."

போனை வைத்துவிட்டு அவள் கொட்டகைத் திண்டில் உட்கார்ந்தாள். நாலு மாதம். முப்பத்தொன்பது ஓட்டை. இந்த ஊரில் தண்ணீர் குளிராகத்தான் இருக்கும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். தனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? தண்ணீர் எப்படிச் சுமக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்றெல்லாம் யோசித்தவள், அதைத் தொட்டுப் பார்த்திருந்தும் அதன் குளிரைப் பற்றி யோசிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

பரமசிவன் குளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சுவரிலிருந்த இரண்டு துளைகளின் அடைப்பையும் விரலால் தட்டிப் பார்த்தார். கொட்டகைக்கு வெளியே போய், அந்தப் பக்கம் ஆறடி கீழே இறங்கிக் கிடந்த அடுத்த வரிசைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"இத்தன நாளா உன் வேல. இனி என் டிபார்ட்மெண்ட்டு அம்மிணி. நெருப்பு."

அவர் திட்டம் இதுதான். கீழ் வரிசையில் ஒரு பழைய ஆயில் டிரம்மில் அடுப்பு. அதற்குள் சுருளாக வளைத்த இரும்புக் குழாய். குளத்தின் கீழ்த் துளையிலிருந்து குளிர்ந்த தண்ணீர் குழாய் வழியாக அடுப்புக்கு இறங்கும். அங்கே சூடானால் லேசாகிவிடும், தானாகவே ஏறி மேல் துளை வழியாகக் குளத்துக்குள் போய்விடும்.

"மோட்டார் இல்லாமயா?"

"மோட்டார் எதுக்கு? கரண்ட்ட கொளத்துப் பக்கமே கொண்டு வரமாட்டேன். சூடு மேலதான் போகும். டிரையர்ல பதினெட்டு வருஷமா அதத்தான பாத்துட்டு இருக்கறேன்."

"அடுப்பு கீழ இருக்கணுமே?"

"அதுக்குத்தான் சாமி இந்த மலையக் குடுத்திருக்குது" என்றார். நிறையப் பேசிவிட்டதாக அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். உடனே போய் டிரம் தேட ஆரம்பித்தார்.

விறகுக்குக் குறைவில்லை. போஜன் தோட்டத்தில் கவாத்து முடிந்து தேயிலைக் கிளைகள் குவிந்து காய்ந்து கிடந்தன. தேயிலை விறகு நின்று எரியும். ஜனவரி நடுவில், காலையில் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்துக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிக்கு நெருப்பு வைத்தார்.

பாலாமணி மேல் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரம் குழாய் சில்லென்றே இருந்தது. அப்புறம் குளிர் போனது. அப்புறம் இளஞ்சூடு. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"வருதுங்க! தானா வருது!"

கீழேயிருந்து புகையில் இருமிக்கொண்டே அவர் கையை ஆட்டினார்.

தண்ணீரின் மேல் தெர்மாகோல் அட்டைகளைப் போட்டு மூடினார்கள். முதல் நாள் முடிவில் பத்தொன்பது டிகிரி. இரண்டாம் நாள் இருபத்தைந்து. ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் பரமசிவன் அடுப்பருகே இருந்தார். மற்ற நேரம் போஜன் கிளையை முறித்துப் போட்டார். நாலாம் நாள் மதியம் முப்பத்திரண்டு. அடுப்பை அணைத்து, துளைகளை மூடினார்கள்.

அப்போதுதான் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது, மூன்றரை அடிச் சுவரை இடுப்பு சரியில்லாத ஒரு பெண் எப்படித் தாண்டுவாள் என்று. ஏணி அந்தக் கட்டோடு வரவே இல்லை. போஜன் தலையில் கையை வைத்துக்கொண்டார். மாதி மட்டும் அசையவில்லை. "இலைப் பெட்டி இருக்குதே" என்றாள். மூலையில் அடுக்கியிருந்த பழைய மரப்பெட்டிகளை இழுத்து வந்து, பெரியது, சிறியது என்று வெளியே மூன்று படி கட்டினார்கள். உள்ளே இறங்க ஒரு பெட்டியில் கல்லை நிரப்பி, நாலு பக்கமும் சாக்குச் சுற்றித் தண்ணீருக்குள் வைத்தார்கள்.

பாலாமணி சுடிதாரோடு படியேறினாள். ஊன்றுகோலை மாதியிடம் கொடுத்தாள். பரமசிவன் அரை டிராயரோடு முன்னாலேயே உள்ளே இறங்கி நின்றிருந்தார். ஷிஜோ போட்ட நிபந்தனை அது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒருவர் இல்லாமல் இறங்கக் கூடாது.

வலது கால். பிறகு இடது கால். தண்ணீர் சுடிதாருக்குள் புகுந்து, துணியை ஊதித் தூக்கியது. முழங்கால். தொடை. இடுப்பு. தரையில் பாதம் பட்டது. பெரிய வலிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலில் பாரத்தைப் போட்டாள்.

வலி வந்தது. ஆனால் அது பாதிதான். தூரத்தில் யாரோ கூப்பிடுவது மாதிரி.

"என்னாச்சு?" என்றார் பரமசிவன்.

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். தண்ணீர் எதிரே நின்று தள்ளியது, அதைத் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்தது. விழப்போனாலும் மெதுவாகத்தான் விழ முடியும் போல இருந்தது. இரண்டாவது அடி. மூன்றாவது. எதையும் பிடிக்காமல். சுவரோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மாதிக்கு முன்னால் வந்து நின்றபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அவள் கேட்டதென்னவோ கேள்விதான்:

"ஏனக்கா, என் கால் எங்கக்கா போச்சு? இருக்கற மாதிரியே தெரியல."

அதன் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் இறங்கினாள். ஷிஜோ ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பயிற்சிகளை, காலைப் பக்கவாட்டில் தூக்குவது, பின்னால் நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது எல்லாம் செய்தாள். மாதியும் இறங்கினாள். தண்ணீருக்குள் அவள் முனகவே இல்லை என்று போஜன் ஊரெல்லாம் சொன்னார். நெருப்பு ஒருநாள் விட்டு ஒருநாள் எரிந்தது.

மார்ச் கடைசியில் ஷிஜோவே நேரில் வந்தான். கொட்டகையைச் சுற்றி வந்தான், ஒட்டுகளைத் தடவினான், கீழே இறங்கி டிரம்மைப் பார்த்தான், தெர்மாமீட்டரையும் பார்த்தான். பிறகு அவளைத் தரையில் நடக்கச் சொன்னான். வீட்டுக்குள் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடிந்தது. கடை வரைக்கும் போய்வர முடிந்தது. மேட்டில் ஏறும்போது மட்டும் இடது கால் நடுங்கியது.

"உள்ளதைச் சொல்லட்டா சேச்சி? சரிவுல இலை பறிக்க இனி முடியாது. அந்தக் கால் பழைய கால் ஆகாது. ஆனா இந்தக் காலோட நீங்க நல்லா இருக்கலாம்."

அந்தப் பதில் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. யாராவது சொல்லவேண்டும் என்றுதான் இருந்தது. "சரிங்க" என்றாள். பிறகு, "மல்லாக்க மிதக்கறது எப்படிங்க? அதச் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

ஷிஜோ வெளியே நின்றபடி சொல்லிக் கொடுத்தான். தலையைப் பின்னால் சாய்க்கவேண்டும், காது நனையவேண்டும், மூச்சை நிறைய இழுத்து வயிற்றை மேலே தூக்கவேண்டும். பரமசிவன் முதுகுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தார். முதல் தடவை பயத்தில் மடங்கி, தண்ணீர் குடித்து, இருமினாள். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை கால் தானாக மேலே வந்தது. காதுக்குள் தண்ணீர் போனதும் வெளிச் சத்தமெல்லாம் அறுந்துவிட்டது. தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. மேலே தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை வழியாக வெயில் ஒழுகியது.

"உடுங்க" என்றாள்.

"எப்பவோ உட்டாச்சு" என்றார் அவர். அது அவள் காதில் விழவில்லை.

எழுந்து நின்றதும் முதல் வேலையாக, "இப்ப நீங்க" என்றாள்.

பரமசிவன் வேண்டாம் என்றார். ஷிஜோவும் மாதியும் விடவில்லை. அவர் தலையைச் சாய்த்து, மூச்சை இழுத்து, ஷிஜோ சொன்னபடியே எல்லாம் செய்தார். முதலில் பாதம் இறங்கியது, பிறகு தொடை, பிறகு மெதுவாக, மரியாதையாக, முழு ஆளும் அடிக்குப் போய்விட்டார். மூக்கில் தண்ணீரோடு எழுந்து நின்று விழித்தார். மறுபடி செய்தார். மறுபடியும் அடிக்குத்தான் போனார்.

மாதி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாலாமணிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பின் நடுவிலேயே அவள் நெற்றி சுருங்கியது.

"ஷிஜோ தம்பி, அதே தண்ணி, அதே மூச்சு. நான் மேல நிக்கறேன். இவரு ஏனுங்க கீழ போறாரு?"

"ஒல்லியா இருக்கறவங்களுக்கு எலும்பும் தசையும்தான் ஜாஸ்தி. கொழுப்பு இருந்தாத்தான் மிதக்கும். பிறகு மூச்சு எவ்வளவு பிடிக்கறாங்கங்கறதும் இருக்கு."

"அப்ப மூச்ச இன்னும் கொஞ்சம் இழுத்தா?"

"நோக்கட்டே" என்றான் ஷிஜோ. "பாத்துடலாமே."

பரமசிவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்று பேரையும் பார்த்தார். பாலாமணி அவர் பின்னால் வந்து நின்று, முதுகுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்தாள்.

"சாயுங்க. புடிச்சிருக்கறேன்" என்றாள். "மெதுவா இழுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."